மணி எந்தக் கையில்

ஒன்பதரைக்கு வரவேண்டிய மனிதர் பத்து நாற்பதாகியும் வரவில்லை. திரையில் மட்டும் வந்து வந்து போய்க்கொண்டிருந்தார். சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, வயிற்றில் கட்டிய இரண்டு தலையணை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார், உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் கட்டிவைத்த பரிசுப் பொட்டலங்களின் தாளை மாப்பிள்ளை ஓட்டிவந்த ஆடுகள் தின்றுகொண்டிருப்பதைப் பார்ப்பார், ஒரு கணம் திகைப்பார், கையிலிருக்கும் மணியை ஆட்டிக்கொண்டு வாயைத் திறந்து சிரிப்பார். சத்தமில்லாத சிரிப்பு. பதினெட்டு நொடி. மறுபடியும் கதவு, ஆடு, சிரிப்பு. ஒலிப்பதிவாளர் கமால் பாய் அந்தத் துண்டை லூப்பில் ஓடவிட்டுவிட்டு மேசையில் பொங்கல் பொட்டலத்தைப் பிரித்திருந்தார். ஜன்னல் இல்லாத டப்பிங் அறை முழுக்க மிளகு வாசனை. "ஏம்மா சுகிர்தா, உங்க கிறிஸ்துமஸ் தாத்தா வட துருவத்துலேந்து கெளம்பிட்டாரா இல்லியா? வழியில கலைமானுக்குப் பஞ்சரா?" என்றார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே ஒரு நொடி தாமதமாகக் கேட்டது, உதடு ஒருபக்கம் சத்தம் ஒருபக்கமாகப் போகும் மோசமான டப்பிங் மாதிரி. மடியில் நோட்டு இருந்தது, நோட்டின் மேல் கைபேசி. தாத்தாவாக நடித்த ஞானசிகாமணி ஐயாவை ஆறு முறை அழைத்திருந்தாள். ஆறு முறையும் மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. அணைத்துவைத்திருந்தால் பரவாயில்லை, அணைத்துவைத்த கைபேசிக்குச் சார்ஜ் இல்லை என்று ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். அடித்துக்கொண்டே இருக்கும் கைபேசிக்கு என்ன காரணம். பேருந்து இரைச்சலில் கேட்டிருக்காது. சட்டைப்பையில் இருக்கும், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். மந்தமா? இல்லை, நன்றாகக் கேட்கும், படப்பிடிப்பில் நாலு பேருக்கு அப்பால் முணுமுணுத்தால்கூடப் பதில் சொல்வார். கொரட்டூரில் மாடியில் ஒற்றை அறை. மனைவி போய் மூன்று வருடம். அறையில் கைபேசி அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை. அல்லது ஆள் இருக்கிறது. அந்த ‘அல்லது’ வந்ததும் அவள் நோட்டைத் திறந்துவிட்டாள்.

நோட்டைத் திறந்தால் மனம் ஒரு ஒழுங்குக்கு வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆலங்குளத்தில் அவள் வீட்டில் முதலில் எழுதப் படித்தவள் அவள். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதிலிருந்து மருந்து அட்டையில் தேதி பார்ப்பது வரை எல்லாக் காகிதமும் அவள் கைக்குத்தான் வரும். காகிதத்தைத் தப்பாகப் படித்துவிடுவோமோ என்ற பயத்தில் ஒவ்வொன்றையும் மூன்று தடவை படிப்பாள். அந்தப் பயம்தான் இந்த வேலையை வாங்கிக்கொடுத்தது. ‘தாத்தாவும் சம்பந்தி வீட்டாரும்’ படத்தில் அவள் கண்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர். கதை என்னவோ ஒரே வரிதான்: கிறிஸ்துமஸ் தாத்தாவின் மகளை நாகர்கோவில் பையன் ஒருவன் கட்டிக்கொள்கிறான், மாப்பிள்ளையும் சம்பந்திகளும் பண்டிகைக்கு வட துருவத்துக்கு வந்து இறங்கி எல்லாவற்றையும் கெடுக்கிறார்கள். கலைமான் பிடிக்க வசதியில்லை, ஆட்டுத் தலையில் முருங்கைக் குச்சியைக் கட்டினார்கள். பனிக்கு வழியில்லை, காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் பழைய ஃபேக்டரி ஒன்றை ஐந்து நாள் பிடித்தார்கள். வட துருவம் முழுக்க வஞ்சிரம் நாற்றம். ஆனால் திரையில் நாற்றம் தெரியாது. திரையில் எது தெரியும் எது தெரியாது என்பதை எழுதிவைப்பதுதான் அவள் வேலை. படம் கதை ஓடும் வரிசையில் எடுக்கப்படுவதில்லை. கடைசிக் காட்சியை முதல் நாள் எடுப்பார்கள், நடுக் காட்சியைக் கடைசி நாள் எடுப்பார்கள். பிறகு ஒட்டும்போது பொருந்த வேண்டும். மூட்டை எந்தத் தோளில், தொப்பியின் குஞ்சம் எந்தப் பக்கம், மணி எந்தக் கையில். மூட்டை வலது தோள், மணி இடது கை. முதல் நாளே முடிவான விஷயம். மணி, ஒரு பழைய ஐஸ் வண்டிக்காரரிடம் வாங்கியது, பித்தளை, மரப்பிடி. இதோ திரையில் இடது கையில்தான் இருக்கிறது. சரியாக இருக்கிறது. எதற்குத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கதவு, ஆடு, சிரிப்பு. பத்தாவது சுற்றிலோ பதினைந்தாவது சுற்றிலோ தெரிந்தது. மணியை ஆட்டும்போது மணிக்கட்டு அசையவில்லை. தோளிலிருந்து மொத்தக் கையும் ஆடுகிறது, வாழைத்தாரை யாரோ மேலேயிருந்து ஆட்டுவது போல. மணிக்கட்டு ஏன் அசையும், மணியைக் கையோடு அவள்தானே ஒட்டினாள்.

அதை நினைக்க வேண்டாம். இருபக்கமும் ஒட்டும் டேப், கையுறையின் உள்ளங்கையில் இரண்டு சுற்று, மணியின் பிடியில் மூன்று சுற்று. பதினாறாம் தேதி. அதற்கு முந்தின இரண்டு நாளில் நாலு டேக் வீணாகியிருந்தது. மூட்டையோடு உள்ளே வந்தவர் பாதிக் காட்சியில் மணியை வலது கைக்கு மாற்றிவிடுவார், அல்லது கீழே போட்டுவிடுவார், ஐஸ் தரையில் அது டங்கென்று உருண்டு போகும், ஆடுகள் மிரளும், இயக்குநர் ரூபன் தலையில் கைவைப்பார். "ஐயா, மணி இடது கைங்கய்யா, நான் எத்தனை வாட்டி சொல்றது," என்று அவள் கத்தினாள். தன் அப்பா வயதுக்கும் மேலான மனிதரிடம் அத்தனை பேர் முன்னால் கத்தினாள். அவர் கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டே, "கோச்சுக்காத நோட்டம்மா, ஐஸ்ல விரல் மரத்துப் போச்சு, மணி இருக்கறதே தெரிய மாட்டேங்குது," என்றார். எல்லாருக்கும்தான் மரத்துப் போயிருந்தது. லைட்மேன்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். அவர் சொன்னது நியாயமான காரணம். அதனால்தான் அடுத்த நாள் டேப். ஒட்டிவிட்டதும் அவர் கையைத் தூக்கிப் பார்த்து, "இனிமே நான் செத்தாக்கூட கண்டினியூட்டி மாறாது," என்றார், தளமே சிரித்தது, முதல் டேக்கிலேயே ஓகே. ரூபன் சார் அன்றைக்குத்தான் அவளைப் பார்த்து "சூப்பர் சுகிர்தா" என்றார். முதல் பாராட்டு. அன்றிரவு அம்மாவிடம் போனில் சொன்னாள். அம்மா பீடி சுற்றுகிற தட்டை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்து வீடு வரை போய்ச் சொன்னாளாம். நோட்டில் அந்தப் பக்கம் இப்படி இருந்தது: ‘மணி கை மாறியது, நடிகர் தவறு. மணி கீழே விழுந்தது, நடிகர் தவறு. மணி கீழே விழுந்தது, நடிகர் தவறு. மணி கீழே விழுந்தது, நடிகர் தவறு.’ சாய்வில்லாத, அழகான, முதல் மதிப்பெண் வாங்கும் கையெழுத்து.

பெரியப்பாவுக்கு வலது கை. இது இடது கை. இரண்டும் ஒன்றல்ல. எதற்கு இப்போது பெரியப்பா. கதவு, ஆடு, சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், வெயில் வாசலில் வெள்ளையாகக் கொதித்தது, பெரியப்பா சோற்றைப் பிசையப் போன கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "கை மதமதன்னு இருக்கு," என்றார். பெரியம்மா தைலம் எடுக்கப் போனாள். அப்பா அவளைப் பார்த்தார். அவள் அப்போது பத்தாம் வகுப்பு, வீட்டிலேயே அதிகம் படித்தவள். "ஏ பிள்ள, நீ என்ன சொல்லுத? டாக்டர்ட்ட போணுமா?" எல்லாருடைய வாயும் மெல்லுவதை நிறுத்தி அவளுக்காகக் காத்திருந்தது. மறுநாள் கணக்குப் பரீட்சை. ஆஸ்பத்திரி என்றால் அவள்தான் கூடப் போகவேண்டும், சீட்டு எழுத, படிக்க. "ஒண்ணுமில்ல, வாய்வா இருக்கும். தூங்குனா சரியாயிரும்," என்றாள். படிச்ச பிள்ளை சொல்லிவிட்டது. பெரியப்பா தூங்கினார். அதன்பின் நான்கு வருடம் பக்கவாதத்தில் கட்டிலில் கிடந்தார், அந்த நான்கு வருடமும் அவருக்கு ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருந்தது: சரி. பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. அவள் கல்லூரியில் சேர்ந்த செய்தியைச் சொல்லக் காலடியில் நின்றபோது அவளை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சரி என்றார். யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. யாருக்கும் ஞாபகம்கூட இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்வது அவள் வேலை.

கதவு திறந்தது. நிமிர்ந்தாள். ரூபன் சார்தான், தலைக்கவசமும் கையுமாக. "எங்க நம்ம ஹீரோ? இன்னைக்கு முடியலன்னா நாளன்னிக்கு சென்சார் இல்ல, சென்சார் இல்லன்னா கிறிஸ்துமஸ் இல்ல, பொங்கலுக்குத்தான் தாத்தா வருவாரு, கரும்பு எடுத்துக்கிட்டு," என்றார். கமால் பாய் சிரித்தார். "பொங்கல் வந்தாச்சு, நான் சாப்ட்டுட்டேன்." ரூபன் அவள் பக்கம் திரும்பினார். "போன் பண்ணியா?" "ஆறு தடவ பண்ணிட்டேன் சார். எடுக்கல. சார், ஒரு விஷயம்…" "சொல்லு." என்ன சொல்வது. மணிக்கட்டு அசையவில்லை என்றா. ஐஸ் ஃபேக்டரியில் கை மரத்துப் போன மனிதருக்குக் கை மரத்துப் போயிருந்தது என்றா. போன வாரம் டீக்கடையில் உதவி கேமராமேனுக்குத் தலைவலி என்றதற்கு நீங்க ஸ்கேன் எடுத்துருங்க என்று சொல்லப்போய், மூன்று நாள் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டார்கள். "ஒண்ணுமில்ல சார். டயலாக் ஷீட் ரெடி," என்றாள். ஒண்ணுமில்ல. அதே சொல். அதே குரலில்கூட இருக்கலாம்.

ஐஸ்தான் காரணம் என்றால் ஐஸ் இல்லாத இடத்தில் கை சரியாக இருந்திருக்க வேண்டும். இதைப் பார்த்துவிட்டால் போதும், மனம் அடங்கிவிடும். நோட்டில் பக்கங்கள் காட்சி எண் வரிசையில் இருந்தன, படம் ஓடும் வரிசையில். அந்த வரிசையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு காட்சியில் மணி விழும், அடுத்ததில் அவர் துள்ளிக் குதிப்பார், அதற்கடுத்ததில் மணி கை மாறும், கடைசிக் காட்சியில் இரண்டு கையாலும் பேரக்குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார். தியேட்டரில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் நல்ல தாத்தாவை வழியனுப்பிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் அவள் தேதி போட்டிருந்தாள். கடைசித் தாளைக் கிழித்துத் தேதி வரிசையில் எழுத ஆரம்பித்தாள். அக்டோபர் மூன்று, வீட்டு செட், குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார், ஏழு டேக், ஏழிலும் பிடித்தார். அது கதையின் முடிவு, படப்பிடிப்பின் ஆரம்பம். பதினான்கு, ஐஸ், மணி விழுந்தது, மூன்று முறை. பதினைந்து, ஐஸ், கை மாறியது. பதினாறு, ஐஸ், டேப். இருபத்திரண்டு, வீட்டு செட், மிச்சமிருந்த துண்டுக் காட்சிகள். அன்றைக்கு வெயில் கொளுத்தியது, மின்விசிறி போட்டால் பஞ்சுத் தாடி பறக்கும் என்று நிறுத்திவைத்திருந்தார்கள், ஐஸ் என்று ஒரு கட்டிகூட இல்லை. அந்தப் பக்கத்தில் இரண்டு வரி. ‘சட்டைப் பட்டன் ஒன்று தள்ளிப் போட்டிருந்தார், நானே சரிசெய்தேன். நடக்கும்போது இடது கால் செருப்பு கழன்றது, அவர் கவனிக்கவில்லை. நடிகர் தவறு.’ அவள் பேனா நின்றது. ஒரு நேர்கோடு. கீழே இறங்கும் நேர்கோடு. மூன்றாம் தேதிக்கும் பதினான்காம் தேதிக்கும் நடுவில் என்ன. ஐந்தாம் தேதி. அந்தப் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் அது எல்லாருக்கும் தெரிந்த காட்சி. டிரெய்லரில் இருக்கிறது. தாத்தா புகைபோக்கிக்குள் இறங்கப் போவார், பிளைவுட்டில் செய்த புகைபோக்கி, மேல் சட்டம் திடீரென்று பிய்த்துக்கொண்டு அவர் உச்சந்தலையில் இறங்கும், அவர் இரண்டு சுற்றுச் சுற்றி உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரிப்பார். திட்டமிட்டதல்ல. தளமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவளும். ‘எதிர்பாராமல் விழுந்தது. டைரக்டர் ஓகே. ரீடேக் வேண்டாம்.’ படத்திலேயே அதிகம் சிரிப்பு வரும் இடம். அன்று மத்தியானம் அவர் சாப்பிடாமல் கண்ணை மூடிப் படுத்திருந்தது எந்தப் பக்கத்திலும் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்குக் கண்டினியூட்டி கிடையாது.

"வந்துட்டாருய்யா வட துருவம்!" என்று கமால் பாய் கத்தியபோது மணி பதினொன்று இருபது. ஞானசிகாமணி ஐயா வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாடியும் தலையணையும் இல்லாமல் பாதி ஆளாக இருந்தார். அவளுக்குள் ஏதோ ஒன்று தொப்பென்று இறங்கி உட்கார்ந்தது: உயிரோடு இருக்கிறார். அந்த நிம்மதியில் ஒரு கணம் எல்லாமே பொய் என்று தோன்றியது, கிழித்த தாளைக் கசக்கிவிடக்கூடக் கை போனது. "ஸாரி ரூபன் தம்பி. எறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டேன். தெரிஞ்ச ரோடுதான், என்னமோ இன்னைக்குப் புதுசாத் தெரிஞ்சுது," என்றார். "போன எடுக்கலாம்ல ஐயா?" "அடிச்சுதா? இடுப்புலதான இருக்கு," என்று இடது பக்கம் வேட்டி மடிப்பைக் குனிந்து பார்த்தார். கமால் பாய் அவர் காலைக் காட்டினார். "தாத்தா, இன்னொரு செருப்ப யாருக்குப் பரிசாக் குடுத்தீங்க?" வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால், தார் ரோட்டில் நடந்து கறுத்திருந்தது. அவர் அதை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு சிரித்தார். வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே போனது. "பஸ்ஸுக்குக் குளிருமேன்னு விட்டுட்டு வந்தேன்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சட்டையின் பட்டன் ஒன்று தள்ளிப் போட்டிருந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், குரல் கொடுக்கும் அறையில், அவரை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினார்கள். "முதல்ல டயலாக், அப்புறம் சிரிப்பு," என்றார் ரூபன். கதவு, ஆடு. "மாப்பிள்ள, கலைமான் எங்கடா? இதெல்லாம் பிரியாணிடா!" அதுதான் வசனம். அவர் சொன்னதில் சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட காகிதம் மாதிரி. அவள் ரூபனைப் பார்த்தாள். ரூபன் கண் விரித்துத் தொடையில் தட்டினார். "பாய், கேட்டீங்களா? ரெண்டு ரவுண்டு போட்ட தாத்தா மாதிரி! இத வெச்சுக்கலாம், தியேட்டர் பிச்சுக்கும். ஐயா, சூப்பர், இப்ப சிரிப்பு!" அவர் சிரித்தார். ஹோ ஹோ ஹோ. சிரிப்பில் குறையே இல்லை. சிரிப்புக்குச் சொல் தேவையில்லை, அதனால் அது முழுசாக, வட்டமாக, அறை அதிர வந்தது, திரையில் இருக்கும் வாயில் அப்படியே போய்ப் பொருந்தியது. ஓகே என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அடுத்த லூப் புகைபோக்கி. அதற்கும் அவர் சிரிக்கவேண்டும். சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும், மறுநாள் போகலாம், மறுநாள் கூட்டிக்கொண்டு போகலாம், தூங்கினால்… அவள் எழுந்திருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. நோட்டு மடியிலிருந்து விழுந்த சத்தம் கேட்டது. கமால் பாயின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, உள்ளே பேசும் மைக்கின் பட்டனை அழுத்தினாள். இயக்குநர் மட்டும் அழுத்தும் பட்டன். "ஐயா. இடது கையத் தூக்குங்க."

ரூபன், "என்ன ஷாட் இது?" என்றார். கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஐயா அவளைப் பார்த்தார். கட்டளைக்குக் கீழ்ப்படியும் நல்ல நடிகரின் முகம். வலது கை மெதுவாகக் கிளம்பியது, மடியைத் தாண்டிப் போனது, அங்கே கிடந்த இடது கையை மணிக்கட்டில் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கியது. தூக்கிய கையை மணியைப் போல இரண்டு தரம் ஆட்டினார். விரல்கள் தொங்கின. ரூபன் வெடித்துச் சிரித்தார். கமால் பாயும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். "ஐஸ்தாம்மா," என்றது ஸ்பீக்கரில் அந்தச் சாய்ந்த குரல். "இன்னும் விடல." "கட்," என்றாள் சுகிர்தா. அந்த அறையில் அவள் சொல்லக்கூடாத சொல். "சார், வண்டி வேணும். இப்பவே. தலையில அடிபட்டதுலேருந்து தேதி வாரியா எங்கிட்ட இருக்கு, போற வழியில சொல்றேன். நீங்க என்னைய என்ன வேணா சொல்லுங்க, இன்னைக்கு டப்பிங் கிடையாது." ரூபன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கமால் பாய் அதற்குள் தன் கார் சாவியை எடுத்திருந்தார்.

கனத்த கதவை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து உள்ளே போனாள். ஹெட்போனைக் கழற்றினாள். "ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்." "சரி," என்றார். அந்தச் சொல் வேண்டாம், அந்த ஒரு சொல் மட்டும் வேண்டாம். "வேற எதாவது சொல்லுங்கய்யா. என்னைத் திட்டுங்க. நான் டேப் போட்டு ஒட்டுனேன்ல, அதுக்குத் திட்டுங்க." அவர் அவளை நெடுநேரம் பார்த்தார். பின்னால் லூப் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கதவு, ஆடு, சிரிப்பு, சத்தமில்லாமல். அவர் பார்வை அவளைத் தாண்டி, கண்ணாடியைத் தாண்டி, அந்த அறையின் தரைக்குப் போனது. உதடு ஒரு சொல்லைத் தேடிக் கோணியது. "நோட்டம்மா," என்றார், ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி. "உன் நோட்டு… கீழ கெடக்கு பாரு." "கெடக்கட்டும்யா," என்றாள். இடது கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அது பித்தளை மாதிரி கனத்தது. நோட்டைத் தாண்டி, மிதிக்காமல், அவருடைய வெறுங்காலுக்கு ஏற்றபடி அடியெடுத்து வைத்தாள்.